ரிக் வண்டிக்குப் போன மின்னூல்

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றின் மாடியில் எங்கள் ஆபீஸ் இருக்கிறது. கீழே நாள் முழுக்கச் சுத்தியல் சத்தமும் வெல்டிங் வாடையும். மேலே இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, அக்கா, நான். புத்தகம் போடுகிற இடம் என்று கேள்விப்பட்டு மாடியேறி வருகிறவர்கள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "புத்தகமெல்லாம் எங்கீங்க?" என்பார்கள். அலமாரியில் ஒன்றுகூட இருக்காது. நாங்கள் போடுவதெல்லாம் மின்னூல்.

அக்கா என்று நான் சொல்வது முதலாளியம்மாவை. கல்யாணப் பத்திரிகையும் தினசரிக் காலண்டரும் அச்சடித்துக்கொண்டிருந்தவர், மெஷினை விற்றுவிட்டு இதில் இறங்கினார். நான் அதற்கு முன் கோழித் தீவனக் கம்பெனி ஒன்றில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். தமிழைத் தப்பில்லாமல் தட்டச்சு செய்வேன் என்பதற்காகத்தான் என்னை எடுத்தார். புத்தகம் விற்பதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவருக்கும் அப்போது பாதிதான் தெரியும். மீதியை இரண்டு பேரும் சேர்ந்து தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டோம்.

இணையக் கடையில் அட்டைப்படம் கட்டைவிரல் நகத்தளவுதான் தெரியும். அந்த அளவிலும் எழுத்தைப் படிக்க முடிய வேண்டும். முதல் சில பக்கங்களை வாசகர் சும்மா புரட்டிப் பார்க்கலாம், பிடித்தால் வாங்கலாம். பண்டிகை சமயத்தில் விலையை ஒரு டீ விலைக்கு இறக்கலாம். சில நாள் இலவசமாகவே கொடுக்கலாம். இதெல்லாம் மெல்ல மெல்லப் பிடிபட்டது. ஆனால் என்னை முதன்முதலில் வாயடைக்க வைத்தது வேறொன்று. மாதச் சந்தா கட்டிய வாசகர்கள் எந்த நூலை வேண்டுமானாலும் எடுத்துப் படிப்பார்கள். அவர்கள் எத்தனை பக்கம் படித்தார்கள் என்பது மறுநாள் காலையில் எங்கள் திரையில் ஒரு கோடாக வந்து நிற்கும். பெயர் வராது, ஊர் வராது, ஆணா பெண்ணா என்பதும் வராது. பக்கம் மட்டும்தான் வரும். எங்கோ யாரோ ஒருவர் நேற்று இத்தனை பக்கம் புரட்டியிருக்கிறார் என்று அந்தக் கோட்டில் கண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கோழித் தீவன மூட்டை விற்றபோது எனக்கு அப்படி ஆனதில்லை.

மேட்டூரிலிருந்து ஓர் அம்மா நாவல் கொண்டுவந்தது அந்தச் சமயத்தில்தான். அங்கே கம்பெனி ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாள். பணியில் இருந்த காலமெல்லாம் அணைக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டவர். நாவலும் ஒரு மெஸ்ஸைப் பற்றியதுதான். அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து நடத்தும் மெஸ். அண்ணன்காரன் வீட்டை விட்டுப் போய்விட்டான். அவன் போனதற்கு நீதான் காரணம், நீதான் காரணம் என்று இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது. ஆனாலும் ஒரே அடுப்படியில் வருடக்கணக்காக நூறு பேருக்குச் சமைக்கிறார்கள். இவ்வளவுதான் கதை. நான் பிழை திருத்த உட்கார்ந்து, பிழை பார்க்க மறந்து படித்த நாவல் அது.

அதை நாங்கள் விற்ற விதம்தான் சரியில்லை. ஜன்னலோரம் சோகமாக நிற்கும் ஒரு பெண்ணின் முகத்தை அட்டையில் வைத்தோம். 'இரு பெண்களின் மௌனப் போராட்டம்' என்று குறிப்பு எழுதினோம். குடும்ப நாவல் வரிசையில் சேர்த்தோம். யாரும் சீண்டவில்லை. இலவசமாகக் கொடுத்தபோது நிறையப் பேர் எடுத்தார்கள். கோடு மட்டும் தரையோடு படுத்திருந்தது. எடுத்தவர்கள் எடுத்ததோடு சரி, யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மேட்டூர் அம்மா அடிக்கடி போன் செய்வார்.

"யாராச்சும் படிச்சாங்களா கண்ணு?"

"படிப்பாங்கம்மா. கொஞ்சம் மெதுவாத்தான் போகுமுங்க."

"சரி சாமி, பரவால்ல. நான் சும்மாதான் கேட்டேன்."

போனை வைத்த பிறகு அக்காவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம்.

ஒருநாள் அக்கா, வாசகர் பார்க்கிற மாதிரியே இலவசப் பக்கங்களைத் தன் போனில் திறந்து பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். நன்றியுரை, முன்னுரை, வாழ்த்துரை என்று போய், கதை தொடங்கும் இடத்தில் இலவசப் பக்கம் முடிந்துவிட்டது. கடைக்கு வந்தவரை வாசலிலேயே நிறுத்தி உபசாரம் பேசி அனுப்பிவிட்டோம். எல்லா உரைகளையும் தூக்கிக் கடைசியில் போட்டேன். இப்போது திறந்தவுடன் விடிகாலை, மெஸ்ஸின் பின்கட்டு, அணையிலிருந்து வந்த மீனை நாத்தனார் கழுவிக்கொண்டிருப்பாள். கூடவே அக்கா இன்னொன்றும் செய்யச் சொன்னார். நாவல் இரண்டு பாகம். முதல் பாகம் முடிகிற இடத்தில் ஒரு குறிப்பும் ஆபீஸ் நம்பரும்: 'எங்கே இருந்து படிக்கிறீர்கள்? ஒரு வார்த்தை சொல்லுங்கள்.'

"கடைசிப் பக்கத்துல போடலாங்களே அக்கா?"

"பாதி தாண்டி வந்தவங்க நம்ம ஆளுங்க. அவங்க கையை அங்கயே புடிச்சுக்கோணும்."

அடுத்த சில நாளில் கோடு எழுந்தது. ஒரே ஒரு நாள், சில அத்தியாயங்கள் அளவுக்கு. பிறகு மறுபடி தரை. ஒரு வாரம் போல ஒன்றுமில்லை. திடீரென்று இன்னொரு எழும்பல், மறுபடி தரை. வேறு யாருமே படிக்காததால் அந்த ஒரே ஆள் எங்களுக்குத் துல்லியமாகத் தெரிந்தார். இன்னார் என்று தெரியாத ஒருவருக்காகக் காலையில் சேலை கட்டும்போதே மனசு ஓட ஆரம்பித்தது. இன்றைக்குப் படித்திருப்பாரா? நான் என் மனதில் கெங்கவல்லிப் பக்கம் புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தியைக் கட்டி வைத்திருந்தேன். மாமியார் வெளியூர் போகும் நாட்களில் மட்டும் படிக்கிறாள் என்று கதையும் கட்டியிருந்தேன். மேட்டூர் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் நர்ஸ் புத்தியில், "டயாலிசிஸ்க்கு வந்து போறவங்களா இருக்கும் கண்ணு. அப்பப்பத்தானே ஆஸ்பத்திரியில சும்மா படுத்திருப்பாங்க" என்றார். அக்கா கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் முற்பகல் ஆபீஸ் போனில் ஒரு குரல் பதிவு வந்தது. அழுத்தியதும் ஒரே இரைச்சல். கீழே பட்டறைதான் அலறுகிறதோ என்று ஜன்னலைச் சாத்தப் போனேன். இல்லை, போனுக்குள்தான் ஏதோ பெரிய இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் மீறி ஓர் ஆண்குரல் கத்தியது.

"ஏனுங்க, வணக்கமுங்க. புஸ்தகத்துல நெம்பர் போட்டிருந்துதுங்க. நாங்க திருச்செங்கோட்டு ரிக் வண்டிங்க. சத்தீஸ்கர்ல போர் போட்டுக்கிட்டு இருக்கறமுங்க. நான்தானுங்க படிப்பேன், பசங்க எல்லாம் உக்காந்து கேப்பாங்க. ஒரு சந்தேகமுங்க. அந்த நாத்தனாரு மீன் கொழம்புல புளி கொறைச்சுட்டு மாங்கா போடறாங்களே, அது எந்தப் பதத்துல போடோணுமுங்க? எங்க சமையல்காரரு கேக்கச் சொன்னாருங்க."

அக்கா அந்தப் பதிவை மூன்று முறை ஓடவிட்டார். நாலாவது முறை ஓடும்போது இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது.

திருச்செங்கோட்டைச் சுற்றி ரிக் வண்டி தெரியாதவர்கள் கிடையாது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் இயந்திரத்தை லாரியிலேயே பூட்டி, பைப்பையும் ஆட்களையும் இன்னொரு லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மாதக்கணக்கில் வடக்கே. தண்ணீர் இல்லாத காட்டில் தண்ணீர் தேடிப் பகலும் இரவுமாக ஓட்டுவார்கள். எங்கள் சொந்தத்திலேயே போனவர்கள் உண்டு. ஆனால் புத்தகம் வாங்குகிறவர்களை நினைக்கும்போது ஒருமுறைகூட அந்த வண்டிகள் என் நினைவில் வந்ததில்லை.

அம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு மாங்காய்ப் பதத்தைச் சொன்னார். கொதி வந்து எண்ணெய் பிரிந்த பிறகுதான் போட வேண்டுமாம், முன்னால் போட்டால் கரைந்துவிடுமாம். நான் அதை அவர் குரலிலேயே பதிவு செய்து அனுப்பினேன்.

அதன் பிறகு பதிவுகள் போவதும் வருவதுமாக ஆகிவிட்டது. படித்தவர் அந்த வண்டியில் டிரில்லர், இயந்திரத்தை இயக்குகிறவர். பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ரிக்கில் ஏறியவர். காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்பதால் டவுனுக்கு டீசல் அடிக்கப் போகும்போதுதான் போனுக்கு உயிர் வரும். அவர் படித்ததெல்லாம் அப்போதுதான் எங்கள் கோட்டில் மொத்தமாக ஏறியிருக்கிறது. இந்தப் புத்தகத்தை எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டதற்கு வந்த பதிவை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

"படத்தப் பார்த்தா பொம்பளைங்க புஸ்தகமாட்ட இருந்துதுங்க. சும்மா தொறந்து பார்த்தனுங்க. மொதப் பக்கத்துலயே மீன் கழுவறாங்க. எங்களுக்கு அந்த வாரம் பூரா உருளக்கெழங்குங்க. அப்படியே சத்தமாப் படிச்சனுங்க. சாப்புட்டுக்கிட்டு இருந்தவங்க கைய நிறுத்திட்டாங்க."

ஒரு மாதம் போல ஆகியும் அவர்கள் கடைசி அத்தியாயத்தைத் தொடவில்லை. கேட்டால், முடித்துவிட்டால் அப்புறம் என்ன செய்வது என்று பசங்க தடுக்கிறார்கள் என்றார். மழை வந்து வேலை நிற்கும் நாளுக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்களாம். பதிப்பகத்தில் வேலை செய்கிற நான், ஒரு புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை யாராவது அப்படிப் பத்திரப்படுத்துவார்கள் என்று எங்கும் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் ஆபீசுக்கு மேட்டூர் அம்மா வந்திருந்த நாளில்தான் அங்கே அந்த மழை பெய்தது. புது அட்டையைக் காட்டுவதற்காக அவரை வரச்சொல்லியிருந்தோம். ஜன்னலோரப் பெண்ணை எடுத்துவிட்டு, புகை எழும்பும் அடுப்பும் அதன் இருபுறம் முதுகு காட்டி நிற்கும் இரண்டு பெண்களும். அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"ஏனுங்க, இங்க காலைல இருந்து மழைங்க. வண்டி காட்டுக்குள்ள எறங்காது. ரோட்டோரமா ஒரு தாபாகிட்ட நிறுத்தியிருக்கறமுங்க, சிக்னலு இருக்குது. கடைசியப் படிச்சிரலாம்னு முடிவு பண்ணிட்டமுங்க. நீங்களும் கேட்டுக்கறீங்களா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் வாயில் விரல் வைத்து, தான் இருப்பதைச் சொல்ல வேண்டாம் என்று சைகை காட்டினார். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தேன். கீழே சுத்தியல் இடித்துக்கொண்டிருந்தது. நான் இறங்கி ஓடிப் பட்டறைக்காரரிடம், "கொஞ்ச நேரம் நிறுத்த முடியுங்களா?" என்றேன்.

"ஏனுங்க, யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிப்போச்சா?"

"இல்லீங்க. சத்தீஸ்கர்ல இருந்து ஒருத்தரு கதை படிக்கறாருங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு திரும்பி, "டேய், எல்லாத்தையும் ஆப் பண்ணுங்கடா" என்றார்.

நான் மேலே வந்தபோது டிரில்லர் படிக்க ஆரம்பித்திருந்தார். தார்ப்பாய் மேல் மழை விழும் சத்தம் போனில் நன்றாகக் கேட்டது. இரைச்சலை மீறிக் கத்தும் குரலாகத்தான் அவரை எனக்குத் தெரியும். இது அந்தக் குரல் இல்லை. இறங்கிய குரல், அவசரமே இல்லாதது. அண்ணி பேசும்போது ஒரு மாதிரி, நாத்தனார் பேசும்போது வேறு மாதிரி, மெஸ்ஸுக்கு வரும் கணக்கப்பிள்ளைக்கு மூக்கால் ஒரு பேச்சு. நான் எழுத்தெழுத்தாகத் திருத்திய அத்தியாயம் அது. எங்கே கமா இருக்கிறது என்றுகூடத் தெரியும். ஆனாலும் அடுத்து என்ன வரப்போகிறது என்று பயந்துகொண்டு கேட்டேன்.

கதையில் அண்ணி நோயில் கிடந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருகிறாள். மதியச் சாப்பாட்டு நேரம். மெஸ் கதவு சாத்தியிருக்கிறது. நாத்தனார் ஒரே ஒரு இலை போட்டு வைத்து நிற்கிறாள். அத்தனை வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தை, "உக்காரு." அண்ணி உட்காரவில்லை. "நீ?" என்கிறாள். நாத்தனார் உள்ளே போய் இன்னொரு இலையை எடுத்து வருகிறாள்.

அந்த "நீ?" வரும் இடத்தில் டிரில்லர் நிறுத்திவிட்டார். மழை மட்டும் கேட்டது. யாரோ மெதுவாக, "படிங்கண்ணா" என்றார்கள். "இருடா" என்றார் இவர். மூக்குறிஞ்சும் சத்தம் ஒன்று, இரண்டு. அம்மா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தான் எழுதிய வரியைப் பிறத்தியார் வாயில் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைந்தது. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். மாடிப்படியில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. எட்டிப் பார்த்தால் பட்டறை ஆட்கள் மூன்று பேர், கையில் ஸ்பேனரோடு.

படித்து முடித்தார். பிறகு அங்கே சண்டை தொடங்கியது. அண்ணன்காரன் வந்திருக்க வேண்டும் என்றார் ஒருவர். அவன் எதுக்கடா வரோணும், இவங்க ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்காங்க என்றார் இன்னொருவர். இவர் இரண்டு பேரையும் அதட்டினார். அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"ஏனுங்க, இத எழுதுனவங்க இங்கதான் இருக்கறாங்க. முழுசாக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க" என்றேன்.

அந்தப் பக்கம் சண்டை அறுந்துபோனது. அப்புறம் அதுவரை கேட்காத ஒரு கிழட்டுக் குரல், சமையல்காரராகத்தான் இருக்க வேண்டும், தயங்கித் தயங்கிக் கேட்டது.

"அம்மா... சாப்புட்டீங்களா?"

"இன்னும் இல்ல சாமி. இனிமேத்தான்" என்றார் அம்மா. சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். நான் போனை எடுத்து நன்றி சொல்லி வைத்தேன்.

அக்கா அன்று சாயங்காலமே சுதாரித்துக்கொண்டார். அவர் விற்கத் தெரிந்தவர், அதில் அவருக்கு வெட்கம் கிடையாது. முதல் சில பக்கங்களை அதே குரலில் படித்து அனுப்புவீர்களா, விளம்பரத்துக்குப் போட்டுக்கொள்கிறோம் என்று டிரில்லரிடம் கேட்டார். அவர், தன் பேர் போடக் கூடாது, போட்டோவும் கூடாது என்றார். "திருச்செங்கோட்டு ரிக் வண்டிலருந்துன்னு மட்டும் போடுங்க." அனுப்பிய பதிவில் பின்னால் ரிக்கின் கம்ப்ரசர் இரைந்துகொண்டிருந்தது. நான் அந்த இரைச்சலை நீக்கிவிடலாம் என்றேன். அக்கா, "அத எடுத்தா பாதி போயிரும்" என்று தடுத்தார்.

அந்தப் பதிவு ரிக்காரர்களின் குரூப்புகளில் புகுந்தது. அங்கிருந்து லாரி டிரைவர்கள். பிறகு யார் யாருக்கோ. இதுவரை நாங்கள் காசு கொடுத்துச் செய்த விளம்பரமெல்லாம் சேர்ந்தும் போகாத இடத்துக்கு அது போனது. ஒரு காலையில் திரையைத் திறந்தால் தரையோடு கிடந்த கோடு மேலே போய், அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில் நின்றது. எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி இல்லை. கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. அத்தனை பேரா, ஒரே நாளிலா என்று. அதற்குப் பிறகு விலைச் சலுகை அறிவிக்கும் முன் வடக்கே எங்கே மழை என்று பார்ப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. மழை என்றால் வண்டி நிற்கும், வண்டி நின்றால் படிப்பார்கள்.

வந்த குரல் பதிவுகளில் ஒன்று திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பெண் ஒருவருடையது.

"அது எங்க ஊட்டுக்காரர் கொரலுங்க. பேர் போடாட்டி எனக்குத் தெரியாதுங்களா? போன் பண்ணா சாப்ட்டியா, கொழந்த படிக்குதான்னு கேட்டுட்டு வெச்சுருவாருங்க. இப்ப இந்தக் கதையப் பத்திப் பேசினா நிறுத்தவே மாட்டேங்கறாருங்க. அதனால நானும் படிக்கறனுங்க. பசங்களுக்கு மறுபடி மொதல்ல இருந்து படிக்கறாருங்களாம். அவரு அங்க எந்த அத்தியாயமோ, அதே அத்தியாயம் நானும் இங்க."

ஆயுத பூஜைக்கு வண்டி ஊர் திரும்பியபோது அம்மா, அக்கா, நான் மூவரும் திருச்செங்கோடு போனோம். ரிக் நிறுத்தும் மைதானத்தில் வண்டியைக் கழுவி, சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டிருந்தார்கள். டிரில்லர் ஒடிசலான மனிதர். அம்மாவைப் பார்த்ததும் கும்பிட்ட கையை எடுக்கவில்லை. போனில் அவ்வளவு பேசியவர் நேரில் "வாங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மனைவிதான் எங்களுக்கு நாற்காலி போட்டார், பொரியும் கடலையும் கொண்டுவந்து கொடுத்தார், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்மா தன் பையிலிருந்து போனை எடுத்தார். புதிய நாவலின் முதல் அத்தியாயம், நாங்களே இன்னும் பார்க்காதது, அதில் இருந்தது.

"இன்னும் யாருக்கும் காட்டலீங்க. நீங்க படிச்சா நான் கேக்கோணும்" என்றார்.

டிரில்லர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். பசங்க அடுக்கி வைத்த பைப்புகள் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். சமையல்காரர் கீழே துண்டை விரித்தார். முதல் வரியை அவர் தடுமாறித்தான் படித்தார், இரண்டாவது வரியில் அந்தக் குரல் வந்துவிட்டது. பக்கத்து வண்டியில் பூஜைக்கு மணியடித்துக்கொண்டிருந்தவர்கள் மணியைக் கையில் பிடித்தபடி இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

அவர் மனைவி என் பக்கத்தில்தான் நின்றார். டம்ளர்களை எடுத்துப் போக வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அத்தனை வருடக் கல்யாணத்தில் அவர் இந்தக் குரலை நேரில் கேட்பது அதுதான் முதல் தடவை. கண்ணை இமைக்காமல் கணவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், என் காதோரமாக மிகச் சன்னமாகச் சொன்னார்.

"இவ்வளவு நாளா இது எங்கீங்க இருந்துச்சு?"

அவர் கையிலிருந்த டம்ளர்களை வாங்கி வண்டிப் படிக்கட்டில் வைத்துவிட்டு, நானும் கேட்க ஆரம்பித்தேன்.